கிளிக் சத்தம் கேட்டால் போதுமா?

திருகோணமலையில் படகு எஞ்சின் பார்க்கும் பலரிடம் இப்போது டோர்க் ரெஞ்ச் இருக்கிறது. வைத்த அளவுக்கு போல்ட் இறுகியதும் ‘கிளிக்’ என்று சத்தம் போடும் சாவி அது. வாங்கிய பிறகு அதை ஒருமுறையாவது சோதித்தீர்களா என்று கேட்டால்தான் பதில் வருவதில்லை. நானும் பல வருடம் சோதித்ததில்லை.

சல்லியில் ஒரு மீனவரின் 40 குதிரைவலு எஞ்சினுக்கு ஹெட் கஸ்கட் (சிலிண்டர் மூடிக்கு அடியில் கசிவை அடைக்கும் தகடு) மாற்றிக் கொடுத்தேன். புத்தகம் சொன்ன அளவு, சொன்ன வரிசை, இரண்டு தடவையாக இறுக்கம், எல்லாம் பார்த்துத்தான் செய்தேன். மூன்றாம் கிழமை எஞ்சின் சூடேறித் திரும்பி வந்தது. கழற்றினால், கஸ்கட்டில் சிலிண்டருக்கும் தண்ணீர் வழிக்கும் நடுவே கறுப்பாக ஒரு கோடு; இறுக்கம் போதாமல் அந்த வழியே கசிந்திருக்கிறது. “தம்பி, புதுசுதானே போட்டது?” என்றார். நாலு நாள் தொழில் அவருக்குப் போனது. கூலி வாங்காமல் திரும்பச் செய்து கொடுத்தாலும் அந்த நாலு நாளை என்னால் கொடுக்க முடியவில்லை.

அன்று பின்னேரம் ரெஞ்சின் சதுரத் தலையை மேசையில் பூட்டிய வைஸில் பிடித்துக் கைப்பிடியைக் கிடையாக நிறுத்தினேன். தலையின் நடுவிலிருந்து கைப்பிடியின் நடு வரை 40 சென்ரிமீற்றர். அங்கே 10 கிலோ தொங்கினால் ஏறத்தாழ 39 நியூட்டன் மீற்றர் (முறுக்கு விசையை அளக்கும் அலகு). ரெஞ்சின் சொந்த எடைக்கு 2 சேர்த்து 41இல் வைத்தேன். மீன் கடையில் வாங்கிவந்த, முத்திரை குத்திய படிக்கற்களை ஒவ்வொன்றாக ஏற்றினேன். 8 கிலோவிலேயே கிளிக். ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டக் குறைவு! டோர்க் ரெஞ்சுகளுக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 6789 இந்த வகை ரெஞ்சுக்கு விடும் பிழை 4 வீதம்தான்.

காரணம் என் பழக்கம். வேலை முடிந்ததும் வைத்த அளவிலேயே மூலையில் சாத்திவிடுவேன். உள்ளே ஸ்பிரிங் நாள்கணக்கில் அமுங்கிக் கிடந்து தளர்ந்துவிட்டது. வேலை முடிந்தால் ஆகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வையுங்கள், அதற்குக் கீழே போகாதீர்கள். போல்ட் கழற்ற அதை எடுக்கவே வேண்டாம்.

இன்னொன்று நம் கடற்கரைக்கே உரியது. உப்புப் படிந்த மரையில் உராய்வு கூடும். ரெஞ்ச் சரியாக இருந்து கிளிக் கேட்டாலும் போல்ட் போதிய பிடி பிடித்திருக்காது. கம்பித் தூரிகையால் துடையுங்கள். எண்ணெய் பூசச் சொன்ன இடத்தில் மட்டும் பூசுங்கள். உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவை எண்ணெய் மரையில் வைத்தால் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும்.

பெரிய ரெஞ்சால் சின்ன போல்ட் பூட்டுவதும் வேண்டாம். பெரும்பாலான ரெஞ்சுகளை அவற்றின் உச்ச அளவில் 20 வீதத்துக்கு மேலேதான் நம்பலாம். 

படிக்கல் சோதனை பிழையைக் காட்டும், திருத்தாது. அளவுத்திருத்தத்துக்கு ஆய்வுகூடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். 12 மாதம் அல்லது 5000 கிளிக், எது முந்துகிறதோ அது கெடு. கீழே விழுந்தால் அன்றே பாருங்கள். என் ரெஞ்சின் கைப்பிடியில் இப்போது ஒரு டேப் ஒட்டி, கடைசியாகச் சோதித்த திகதியை எழுதியிருக்கிறேன். எஞ்சின் கொண்டுவரும் படகுக்காரர்கள் அதைக் கேட்டுப் பார்க்கலாம், காட்டுவேன்.