மாங்குரோவ் என்றால் கண்டல்

பிச்சாவரம் படகுத்துறையில் இறங்குகிறவர்கள் ‘மாங்குரோவ் காடு எந்தப் பக்கம்?’ என்றுதான் கேட்கிறார்கள். அந்தச் சொல் கரீபியன் கரையில் பிறந்திருக்கலாம் என்பது பொதுவான கருத்து. ஸ்பானியர்கள் ‘மாங்கிளே’ என்றார்கள், போர்த்துகீசியர் ‘மாங்கே’ என்றார்கள், ஆங்கிலேயர் வாயில் அதன் வால் தோப்பைக் குறிக்கும் ‘குரோவ்’ ஆகிவிட்டது. மூலச்சொல்லுக்கும் தோப்புக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இந்தப் பெயர் வருவதற்கு ரொம்ப முன்பே மரத்தைப் பார்த்து அசந்தவர்கள் உண்டு. கி.மு. 325-இல் அலெக்சாந்தரின் கப்பல் படை சிந்து நதிப் பக்கமிருந்து பாரசீக வளைகுடாவுக்குப் போனது. அப்படிப் போனவர்கள் கொண்டுவந்த செய்திகளை வைத்துத்தான் கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ், அந்தக் கரை மரங்களைப் பாதிவரை கடல் அரித்துவிட்டதாகவும், வேர்கள் தாங்குவதால் அவை ஆக்டோபஸ் மாதிரி நிற்பதாகவும் எழுதினார். பார்த்தது சரி, சொன்ன காரணம்தான் தப்பு.

நீர் வற்றும் நேரத்தில் பிச்சாவரத்தில் படகில் போனால் தெரியும்: சுரபுன்னையின் வளைந்த கால்களில் ஒரு மட்டம் வரை சேறும் சிப்பியும் அப்பியிருக்கும், அதற்கு மேலே சுத்தமாக இருக்கும். கடல் எதையும் தின்னவில்லை, அவை மரமே இறக்கிய முட்டு வேர்கள். சேற்றில் காற்று இல்லாததால் பட்டையிலுள்ள நுண்துளைகள் வழியாக அவை மூச்சும் வாங்குகின்றன. விதையும் கிளையில் தொங்கும்போதே முளைத்து, மெல்லிய முருங்கைக்காய் போல நீண்டு, அப்புறம்தான் விழும். பக்கத்திலேயே பென்சில் நட்டதுபோல மூச்சு வேர்களை நிமிர்த்தி நிற்கும் இன்னொரு மரம் உண்டு, அதன் இலையை நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும்.

இங்குள்ள இன்னொரு மரத்துக்கு அறிவியலில் சொன்னராட்டியா என்று பெயர். புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு இயற்கையாளர் சொன்னராவின் பெயர்தான் அது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘சதுப்புநிலக் காடு’ எனக்குப் பிடிக்காது, நன்னீர்ச் சதுப்புக்கும் அது பொருந்திவிடும். ‘சுரபுன்னை’ ஒரு வகை மரம்தான், முழுக் காட்டுக்கும் அதைச் சொல்வது தென்னையை வைத்து எல்லா மரத்தையும் கூப்பிடுவது மாதிரி. முத்துப்பேட்டைக்காரர்களின் ‘அலையாத்தி’ அழகான சொல், அலையை ஆற்றுவது என்று பொருள் சொல்வார்கள். என் ஓட்டு கண்டலுக்குத்தான். நற்றிணையிலேயே ‘கண்டல் வேலி’ என்று வருகிறது, அதாவது ஊருக்குக் கண்டலே வேலி. மலையாளத்தில் இன்றும் கண்டல் காடுதான் பேச்சு வழக்கு. நாம்தான் மறந்துவிட்டு மாங்குரோவ் என்கிறோம்.