டாக் கெட்டுப்போச்சு என்று மலை இறங்குமுன்

குன்னூர், கோத்தகிரி பக்கம் வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்ப்பவர்கள் மேசையில் இப்போது ஒரு யுஎஸ்பி டாக் உட்கார்ந்திருக்கிறது. ஒரே ஒரு டைப்-சி கேபிளைச் செருகினால் இரண்டு மானிட்டர், கீபோர்டு, மவுஸ், லேன், சார்ஜ் எல்லாம் வந்துவிட வேண்டும். வராவிட்டால், "டாக் போச்சுங்க" என்று சர்வீசுக்கு வருகிறது. திறந்து பார்த்தால் பல டாக்குகளில் எந்தக் கோளாறும் இருப்பதில்லை. தப்பு லேப்டாப் போர்ட்டிலோ, கேபிளிலோ, சுவரிலிருந்து வரும் கரண்ட்டிலோ இருக்கிறது.

முதலில் போர்ட். டைப்-சி என்பது துளையின் வடிவத்துக்குப் பெயர், அவ்வளவுதான். உள்ளே என்ன ஓடுகிறது என்பது லேப்டாப்புக்கு லேப்டாப் மாறும். சிலவற்றில் டேட்டா மட்டும் போகும், சார்ஜ்கூட ஏறாது. போர்ட் பக்கத்தில் மின்னல் அம்பு போட்டிருந்தால் தண்டர்போல்ட், டேட்டாவும் படமும் சேர்ந்தே போகும், கவலையில்லை. டி-யும் பி-யும் பின்னிய சின்னம் இருந்தால் டிஸ்ப்ளேபோர்ட் உண்டு, படம் வரும். எந்தச் சின்னமும் இல்லையென்றால் மாடல் நம்பரைப் போட்டு, தயாரித்த கம்பெனியின் விவரப் பக்கத்தில் 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். அது இல்லாத லேப்டாப்பில், எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய சாதாரண டாக்கானாலும் மானிட்டர் இருட்டாகத்தான் கிடக்கும்.

அப்படிப்பட்ட லேப்டாப்புக்கு டிஸ்ப்ளேலிங்க் சிப் வைத்த டாக் ஒரு வழி. படத்தைச் சுருக்கி டேட்டாவாகவே அனுப்புவதால் பழைய யுஎஸ்பி 3 போர்ட்டிலும் ஓடும். ஆனால் டிரைவர் போட்டாக வேண்டும், பிராசஸரும் கொஞ்சம் உழைக்கும். ஓடிடி படம் போட்டால் திரை கறுப்பாகிவிடுவதும் இதில் சகஜம். காப்புரிமைப் பூட்டு உள்ள வீடியோவை அது பல நேரம் கடத்தாது. எக்செலுக்கும் மெயிலுக்கும் தாராளமாகப் போதும். வீடியோ எடிட்டிங்குக்கு வாங்காதீர்கள்.

மேக்புக் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. சாதாரண டாக்கில் இரண்டு மானிட்டர் மாட்டினால் இரண்டிலும் ஒரே படம்தான் வரும். ஒரே கேபிளில் இரண்டு தனித்தனிப் படத்தை அனுப்பும் எம்எஸ்டி முறை விண்டோஸில் உண்டு, மேக்கில் கிடையாது. அதோடு, எம்1, எம்2 அடிப்படைச் சிப் உள்ள மேக்புக்குகள் ஒரு வெளி மானிட்டரைத்தான் ஏற்கும். எம்3-யில் மூடியை மூடி வைத்தால் இரண்டு, எம்4-இல் திறந்து வைத்தே இரண்டு.

கேபிள் விஷயத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். இரண்டு முனையும் டைப்-சி இருக்கிறதே என்று போன் சார்ஜர் கேபிளை டாக்குக்குப் போடுகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை யுஎஸ்பி 2.0 கம்பிகள்: விநாடிக்கு 480 மெகாபிட் மட்டும், படம் போகும் கம்பியே உள்ளே இருக்காது. சார்ஜ் ஏறும், மவுஸ் ஓடும், மானிட்டர் மட்டும் வராது. பார்ப்பவருக்கு டாக்கில் பாதி செத்துவிட்டது போலத் தோன்றும். டாக்கோடு வந்த கேபிளில் ஒரு துண்டு டேப் ஒட்டி 'டாக்' என்று எழுதி வைத்துவிடுங்கள். வீட்டில் நான்கு கறுப்புக் கேபிள் சேர்ந்துவிட்டால் எது எதுவென்று யாருக்கும் தெரியாது. மேசை பெரிது என்று நீளக் கேபிள் தேடவும் வேண்டாம்: 40 கிகாபிட் வேகத்துக்குச் சாதாரணக் கேபிள் 80 சென்டிமீட்டர்தான் தாங்கும், அதற்குமேல் உள்ளே சிப் வைத்த விலை கூடிய கேபிள் வேண்டும்.

4கே மானிட்டரில் மவுஸ் அம்பு இழுத்து இழுத்து நகர்கிறதா? விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய்ப் பாருங்கள். 30 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 30 முறைதான் படம் மாறும் என்று நிற்கும். டைப்-சியில் அதிவேகப் பாதைகள் நான்கு. சாதாரண டாக் இரண்டைப் படத்துக்கும் இரண்டை யுஎஸ்பிக்கும் பிரித்துக்கொள்கிறது. டிஸ்ப்ளேபோர்ட் 1.2 பதிப்பில் இரண்டு பாதைக்குக் கிடைப்பது விநாடிக்கு 8.64 கிகாபிட். 4கே, 60 ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 12.5 வேண்டும். அதனால் டாக் தானாகவே 30-க்கு இறங்கிவிடுகிறது. டிஸ்ப்ளேபோர்ட் 1.4-இல் அதே இரண்டு பாதையில் 12.96 வரும், சமாளித்துவிடும், ஆனால் லேப்டாப், டாக் இரண்டுமே 1.4 ஆக இருக்க வேண்டும். 24 அங்குல சாதாரண 1080 மானிட்டர் இரண்டு என்றால் 1.2-யே போதும். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. பெட்டியில் பெரிய எழுத்தில் '4கே' என்று மட்டும் இருக்கும்.

இனி கரண்ட். நீலகிரியில் மழைக்காற்றில் ஒரு மரக்கிளை கம்பியில் சாய்ந்தால் போதும், கரண்ட் போகும், வரும், மறுபடி போகும். லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறதே, யூபிஎஸ் எதற்கு என்பது பலரின் கணக்கு. லேப்டாப் அணையாதுதான், ஆனால் டாக் அணையும். சொந்த அடாப்டர் உள்ள டாக் கரண்ட் போனதும் நின்றுவிடும். லேப்டாப் சார்ஜரையே தன் வழியாக வாங்கிக் கொடுக்கும் சின்ன ஹப், சார்ஜர் நின்ற நொடியில் லேப்டாப்போடு மின்சாரப் பேச்சைப் புதிதாகத் தொடங்கும், அந்த ஒரு கணத்தில் அதில் மாட்டிய எல்லாம் அறுந்து திரும்ப ஒட்டும். மானிட்டர் சிமிட்டினால் பரவாயில்லை. காப்பி ஆகிக்கொண்டிருந்த வெளி ஹார்டு டிஸ்க் பாதியில் அறுந்தால், 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டுக்கொண்டு எழுந்திருக்கும். டாக், மானிட்டர், ரூட்டர் மூன்றையும் ஒரு 600 விஏ யூபிஎஸ்ஸில் சேருங்கள். 24 அங்குல எல்இடி மானிட்டர் 20 வாட் சுற்றித்தான் எடுக்கும். ஹார்டு டிஸ்க்கை மட்டும் டாக்கில் மாட்டாமல் நேராக லேப்டாப்பில் மாட்டுவது அதைவிடப் பத்திரம்.

சின்ன ஹப்பில் வாட் கணக்கும் உண்டு. தன் பிழைப்புக்கு அது 10 முதல் 15 வாட் எடுத்துக்கொள்ளும். 65 வாட் சார்ஜரை மாட்டினால் லேப்டாப்புக்குப் போய்ச் சேருவது 50 சொச்சம். 'ஸ்லோ சார்ஜர்' என்று லேப்டாப் முனகினால் காரணம் இதுதான்.

லேப்டாப்பின் உலோக உடம்பைத் தடவினால் விரலில் சுள்ளென்று ஊர்கிறதா? வீட்டு எர்த் சரியில்லை, அல்லது அடாப்டர் இரண்டு முள் பிளக். அந்த நிலையில் டிஷ் ஆண்டெனா கேபிள் மாட்டிய டிவியில் ஹெச்டிஎம்ஐயைச் செருகினால் முனையில் சின்னப் பொறி பறக்கும். ஹோம்ஸ்டேக்களில் டிவியையே மானிட்டராக்கும் விருந்தினர்கள் ஹெச்டிஎம்ஐ போர்ட்டைச் சுட்டுக்கொள்வது இப்படித்தான். போர்டில் சுவிட்சுகளை அணைத்து, டிஷ் கேபிளைக் கழற்றி, ஹெச்டிஎம்ஐயை முதலில் மாட்டி, கடைசியில் கரண்ட் போடுங்கள். நிரந்தரத் தீர்வு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்ப்பதுதான். இடி இறங்கும் மாலைகளில் பிளக்கோடு லேன் ஒயரையும் உருவி வையுங்கள்.

அடுத்தது மஞ்சு, அதாவது மலை மூடுபனி. டைப்-சி துளைக்குள் 24 முள், அரை மில்லிமீட்டர் இடைவெளி. 20 வோல்ட் வரை ஏறும் முள்ளுக்கு அடுத்ததே, எத்தனை வோல்ட் வேண்டும் என்று பேசிக்கொள்ளும் முள். நடுவில் ஈரமும் தூசியும் சேர்ந்தால் பச்சை பூக்கும், அப்புறம் ஒரு நாள் சார்ஜும் இல்லை, படமும் இல்லை. ஜன்னலோரம் டாக்கை வைக்காதீர்கள். குளிரில் காரில் கிடந்த லேப்டாப்பை ஹீட்டர் போட்ட அறைக்குக் கொண்டுவந்தால் பையிலேயே அரை மணி நேரம் விட்டுவிட்டுத் திறங்கள். துளையைச் சுத்தம் செய்ய ஊசி வேண்டாம். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ் போதும்.

வயர்லெஸ் மவுஸ் திக்கினால் பேட்டரியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். யுஎஸ்பி 3 போர்ட்டும் ஹார்டு டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். மவுஸ் ரிசீவரும் அதே அலைவரிசைதான். அரை மீட்டர் யுஎஸ்பி 2 எக்ஸ்டென்ஷனில் ரிசீவரைத் தள்ளி வைத்தால் சரியாகிவிடும்.

தேயிலை ஃபேக்டரி ஆபீஸ்களில் இன்னொரு தலைவலி: எடை மெஷினை சீரியல் கன்வெர்ட்டர் வழியாக டாக்கில் மாட்டியிருப்பார்கள். துடைக்க எடுத்தவர் வேறு துளையில் செருகிவிட்டால் காம் போர்ட் எண் (விண்டோஸ் அந்த இணைப்புக்கு வைத்த எண்) மாறிவிடும், சாஃப்ட்வேரில் எடை வராது. டிவைஸ் மேனேஜரில் போர்ட்ஸ் பகுதியில், அட்வான்ஸ்டு போய்ப் பழைய எண்ணைக் கொடுக்கலாம். பழைய துளையிலேயே திரும்பச் செருகுவது இன்னும் சுலபம்.

படமே வரவில்லையென்றால் இந்த வரிசையில் போங்கள். மானிட்டர் இன்புட் சரியாக இருக்கிறதா பாருங்கள். லேப்டாப்பை ஷட்டவுன் செய்து, டாக்கின் அடாப்டரையும் டைப்-சியையும் உருவி அரை நிமிடம் விடுங்கள். அடாப்டர், ஒரே ஒரு மானிட்டர், கடைசியாக டைப்-சி என்று மாட்டி லேப்டாப்பைப் போடுங்கள். வராவிட்டால் அதே மானிட்டரை, அதே ஹெச்டிஎம்ஐ கேபிளோடு நேராக லேப்டாப்பில் மாட்டுங்கள். அதிலும் வராவிட்டால் டாக்கின் மேல் பழி இல்லை.

இத்தனைக்கும் பிறகு மாற்றத்தான் வேண்டும் என்று பர்லியாறு, கல்லாறு வழியாகக் கோவைக்கு இறங்குவதானால் டாக், அதன் அடாப்டர், டேப் ஒட்டிய கேபிள் இவற்றோடு லேப்டாப்பையும் எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் கடையில் இருக்கும் லேப்டாப்பில் மாட்டி, "நல்லாத்தானே ஓடுது" என்று அதே டாக்கைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.