கொக்குன், மொகுமொகு, கமிகமி: குழந்தையின் நாக்கு கற்கும் பாடம்

ஜப்பானில் குழந்தைக்குத் திட உணவு பழக்கும் பருவங்களுக்கு ஓசைப் பெயர்கள் உண்டு. கொக்குன் என்றால் மடக்கென்று விழுங்குவது. 5, 6 மாதம். மொகுமொகு, வாயை மூடிக்கொண்டு அசைபோடுவது. 7, 8 மாதம். கமிகமி, கடித்து மெல்வது. 9 முதல் 11 வரை. பக்குபக்கு, ஆசையாக அள்ளித் தின்பது. 12 முதல் 18 வரை.

பெற்றோர் பலர் மாதக் கணக்கை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். கவனிக்க வேண்டியது வாயை.

கொக்குன் பருவத்தில் நாக்கு முன்னும் பின்னும்தான் நகரும். ஒரு பங்கு அரிசிக்குப் பத்துப் பங்கு தண்ணீர் விட்டு வேகவைத்து, கட்டியில்லாமல் மசித்த கஞ்சியை நாளுக்கு ஒரு வேளை, ஒரு சிறு கரண்டியில் தொடங்குவார்கள். குழிவு குறைந்த கரண்டியைக் கீழுதட்டில் வைத்துக் காத்திருங்கள். மேலுதடு தானே இறங்கி உணவை வாங்கும். அவசரப்பட்டு மேலண்ணத்தில் வழித்துவிட்டால், உதட்டை மூடி விழுங்கக் குழந்தை பழகாது.

மொகுமொகுவில் நாக்கு மேலெழுந்து உணவை அண்ணத்தோடு நசுக்கும். டோஃபு (சோயா பனீர்) பதம் போதும். அப்போது உதட்டின் இரு ஓரங்களும் ஒன்றாக இழுபடும். கமிகமியில் நாக்கு உணவை ஒரு பக்க ஈறுக்குத் தள்ளுகிறது. அந்தப் பக்க ஓரம் மட்டும் சுருங்கும். இதைக் கண்ட பிறகே வாழைப்பழப் பதத்துக்குப் போகலாம். பல் முளைத்துவிட்டது என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டாம், முன்பற்கள் மெல்லுவதில்லை.

மெல்லாமல் அப்படியே விழுங்கினால் உணவு மிகக் கெட்டியாக இருக்கலாம். மிக மென்மையாக இருந்தாலும் இதுவே நடக்கும், மெல்லுவதற்கு அங்கே வேலை இல்லை! முதலில் ஒரு பதம் பின்னே போய்ப் பாருங்கள். அடுத்த கரண்டியை முன்னது இறங்கிய பிறகே கொடுங்கள்.

இன்னொரு ஓசை பொரிபொரி, கெட்டியான பண்டத்தைக் கடிக்கும் ஒலி. பிப்ரவரியில் வரும் செட்சுபுன் என்ற ஜப்பானியத் திருநாளில் வறுத்த சோயா பருப்பை அப்படித்தான் கொறிப்பார்கள். ஐந்து வயதும் அதற்குக் கீழுமுள்ள பிள்ளைகளுக்குக் கெட்டியான பருப்பு, கொட்டை வகைகளைக் கொடுக்கக் கூடாது என்று ஜப்பானின் நுகர்வோர் விவகார முகமை எச்சரிக்கிறது. உடைத்துக் கொடுப்பதும் பாதுகாப்பல்ல. சிறு துணுக்கு மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா வரக்கூடும்.