தலைத்தோலில் ஓர் உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்று

தலைத்தோலிலிருந்து அகற்றிய கட்டியின் ஆய்வறிக்கையில் ‘அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா’ என்றிருக்கிறதே, அது உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் புற்றல்லவா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பெரும்பாலும் அங்கேதான் வரும். மிக அரிதாக, தோலிலும் தானாகவே தோன்றும்.

வியர்வைச் சுரப்பியும் உமிழ்நீர்ச் சுரப்பியும் கருவில் ஏறத்தாழ ஒரே விதமாக உருவாகின்றன: மேற்பரப்புச் செல்கள் மொட்டுவிட்டு உள்ளிறங்கிக் குழாயாகின்றன. ஆகவே கட்டிகளும் ஒத்திருப்பதில் வியப்பில்லை. நுண்ணோக்கியில் இக்கட்டி சல்லடைபோலத் தெரியும். ஆனால் அத்துளைகளில் பெரும்பாலானவை குழாயின் உள்வெளிகளே அல்ல, செல்கள் தாமே சுரந்த அடித்தளச் சவ்வுப் பொருள் (செல்கள் அமர்ந்திருக்கும் மெல்லிய தாங்கு படலத்தின் பொருள்) தேங்கிய, செல்கூட்டத்துக்குப் புறம்பான இடங்கள்.

இதன் மூலகாரணம்தான் என்னை மிகவும் கவர்வது. 6ஆம், 9ஆம் குரோமோசோம்கள் உடைந்து துண்டுகளை மாற்றிக்கொள்ளும்போது, செல்களைப் பெருகத் தூண்டும் எம்.ஒய்.பி. என்னும் மரபணு என்.எஃப்.ஐ.பி. என்னும் மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. உமிழ்நீர்ச் சுரப்பி, மார்பகக் கட்டிகளில் 2009இல் அறியப்பட்ட இந்த இணைவு, பின்னர் தோல் கட்டிகளிலும் காணப்பட்டது. எம்.ஒய்.பி. மரபணுவின் நகலான ஆர்.என்.ஏ.வின் வால்பகுதியில் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் என்னும் சிறு துண்டுகள் பற்றிக்கொண்டு அதன் அளவை அடக்கும் இடங்கள் உண்டு. பல இணைவுகளில் அந்த வாலே போய்விடுகிறது. அதைவிட நுட்பமானது, என்.எஃப்.ஐ.பி.யின் அருகே இருந்த மரபணுவை முடுக்கிவிடும் வலுவான டி.என்.ஏ. தூண்டு பகுதிகள் எம்.ஒய்.பி.யை அடுத்து வந்து சேர்வதும், எம்.ஒய்.பி. புரதமே அவற்றில் அமர்ந்து தன் உற்பத்தியைத் தானே பெருக்கிக்கொள்வதும் ஆகும்.

வடிவமும் மரபணுவும் ஒன்றாயிருப்பதால், கட்டி தோலில் பிறந்ததா, உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து பரவி வந்ததா என்பதைத் திசுவை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. சுரப்பிகளையும் ஸ்கேன் செய்தாக வேண்டும். தோலில் பிறந்தது மெல்ல வளரும், நரம்புகளை ஒட்டி ஊரும், வெட்டிய இடத்திலேயே மீளக்கூடும். தொலைவுக்குப் பரவுவது உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றைவிடக் குறைவு.

சிலருக்கே வரும் நோய் என்று ஆய்வுநிதி தர மறுப்பது பிழையான கணக்கு என்பேன். குழந்தைகளின் அரிய கட்டியொன்றில் 1998இல் கண்ட, என்.டி.ஆர்.கே.3 என்னும் மரபணுவின் இணைவு, பின்னர் உமிழ்நீர்ச் சுரப்பியின் வேறொரு புற்றிலும் அதை ஒத்த தோல் கட்டியிலும் தென்பட்டது. என்.டி.ஆர்.கே. மரபணுக் குடும்பத்தின் இணைவு எந்த உறுப்பில் இருந்தாலும் கொடுக்கத்தக்க லாரோட்ரெக்டினிப் மருந்துக்கு 2018இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. அம்மருந்து, அந்த இணைவு உருவாக்கும் நொதியின் குழிவில் பொருந்தி அதை நிறுத்துகிறது. டி.என்.ஏ.வில் அமர்ந்து வேலை செய்யும் எம்.ஒய்.பி. புரதத்தில் அத்தகைய வசதியான குழிவு இல்லாததால், அதை நேரடியாகத் தடுப்பது இன்றும் கடினமாகவே இருக்கிறது.