டிவி வாங்கப் போகிறீர்களா? பின்னால் மாற்ற முடியாததை முதலில் பாருங்கள்

குறுவை அறுவடை முடிந்த கையோடு வடுவூர்ப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து போன் வந்தது. தீபாவளிக்கு வாங்கிய 55 அங்குல டிவி, ஒரு மாதம்கூட ஆகவில்லை. "ரிப்பேர் ஆயிருச்சு தம்பி, கொஞ்சம் வந்து பாருங்க" என்றார் வீட்டுக்காரர். மன்னார்குடியில் இருபது வருடத்துக்கு மேலாக டிவி பழுது பார்க்கிறேன். ஒரு மாத டிவிக்கு என்ன வந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே போனேன். அந்த டிவிக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஆனால் வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று குறை இருந்தது.

மகன் கல்லூரியில் படிக்கிறான். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவன் அண்ணன், பிளேஸ்டேஷன் 5 என்கிற கேம் கன்சோலைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். "பட்டனை அழுத்தினா பேட்டு லேட்டா சுத்துதுண்ணே. பந்து கீப்பர் கைக்குப் போனப்புறம்தான் பேட்டே வருது" என்றான். அப்பாவுக்கு சீரியலில் வருகிறவர்களின் முகமெல்லாம் மெழுகு உருகின மாதிரி தெரிகிறது. அம்மா கடைசியாகத்தான் வாயைத் திறந்தார். அவர் அடுப்படி வாசல்படியில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே பார்ப்பவர். "எனக்கு மட்டும் சாயம் போன சேலை மாதிரி வெளுத்துத் தெரியுது தம்பி. இவங்க ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்குங்கறாங்க."

மகனின் குறை இரண்டு நிமிடத்தில் தீர்ந்தது. டிவி தனக்கு வரும் படத்தை அப்படியே காட்டுவதில்லை. வண்ணத்தைக் கூட்டும், இரைச்சலைத் துடைக்கும், அசைவை வழவழப்பாக்கும். அதற்கெல்லாம் கொஞ்சம் நேரம் பிடிக்கும். சினிமா பார்க்கும்போது இந்தத் தாமதம் நமக்குத் தெரியாது. கேமில் தெரியும். பட்டனை அழுத்தியதற்கும் திரையில் அது நடப்பதற்கும் இடையே 100 மில்லி விநாடிகூடப் போய்விடும். கேம் மோடைப் போட்டால் அந்த வேலைகளையெல்லாம் டிவி நிறுத்திவிடும், தாமதம் 20 மில்லி விநாடிக்குக் கீழே இறங்கும். மெனுவில் போட்டுக் கொடுத்தேன். அடுத்த பந்தே சிக்ஸர்.

அப்பாவின் குறைக்குக் காரணம் டிவியின் முதுகில் இருந்தது. செட்டாப் பாக்ஸிலிருந்து பழைய மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரில்தான் படம் வந்துகொண்டிருந்தது. படத்தையும் சத்தத்தையும் ஒரே கேபிளில் துல்லியமாகக் கொண்டுவரும் எச்டிஎம்ஐ வாய் பாக்ஸில் இருந்தும் யாரும் அதைத் தொடவில்லை. கேபிளை மாற்றினேன். நிறத்தையும் வெளிச்சத்தையும் தூக்கிக் காட்டுகிற விவிட் மோடைக் கடைக்காரர் வைத்துவிட்டுப் போயிருந்தார்; அதை எடுத்துவிட்டு, ஷார்ப்னெஸையும் நன்றாகக் குறைத்தேன். முகம் முகமாகத் தெரிந்தது.

அம்மாவுக்கு மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த டிவியின் பேனலே, அதாவது படம் காட்டுகிற திரையே அப்படி. மெனுவில் எதைத் திருகினாலும் மாறாது.

இந்த வீட்டுக் கதையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டிவி வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எத்தனை அங்குலம், எந்தக் கம்பெனி, எவ்வளவு தள்ளுபடி என்றுதான். நான் கேட்பது ஒன்றே ஒன்று. வாங்கிய பிறகு எதை மாற்ற முடியும், எதை மாற்ற முடியாது? செட்டிங், கேபிள், சத்தம் எல்லாம் பின்னால் சரிசெய்துகொள்ளலாம். பேனலின் ரகம், அதன் உண்மையான ரிஃப்ரெஷ் ரேட் (நொடிக்கு எத்தனை தடவை படம் மாற்றுகிறது என்பது), வெளிச்சம், எச்டிஎம்ஐ வாய்கள், உள்ளே இருக்கும் ரேம் இதெல்லாம் பிறவியிலேயே வருவது. பணத்தை அங்கேதான் போட வேண்டும்.

பேனலில் தொடங்குகிறேன். எல்இடி டிவி என்று நாம் சொல்வதெல்லாம் பின்னால் எல்இடி விளக்கு வைத்த எல்சிடி டிவிதான். அதில் பெரும்பாலும் இரண்டு ரகம். விஏ பேனலில் கருப்பு நல்ல கருப்பாக இருக்கும். காண்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், 3000-க்கு ஒன்று, அதற்கு மேலும் வரும். ஆனால் பக்கவாட்டில் உட்கார்ந்தால் வெளுக்கும். ஐபிஎஸ் பேனலில் காண்ட்ராஸ்ட் 1000-க்கு ஒன்று அளவில்தான், இருட்டு அறையில் கருப்பு சாம்பலாகத் தெரியும். ஆனால் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு நேரே உட்கார்ந்து கேம் ஆடுகிறவருக்கு விஏ. கூடத்தில் ஊஞ்சலில் ஒருவர், தரையில் நாலு பேர், அடுப்படி வாசலில் ஒருவர் என்று பார்க்கிற வீட்டுக்கு ஐபிஎஸ். நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் இரண்டாவது மாதிரிதான் பார்க்கிறோம். ஆனால் கடையில் எல்லோரும் டிவிக்கு நேரே நின்று பார்த்துவிட்டு வாங்கிவிடுகிறோம்.

கடையில் ஒன்று செய்யுங்கள். மனித முகம் வருகிற ஏதாவது ஒரு காட்சியை ஓடவிட்டு, டிவிக்குப் பக்கவாட்டில் நாலடி நகர்ந்து நின்று பாருங்கள். தோல் நிறம் வெளுத்தால் தெரிந்துவிடும். ஒரே மாடல் பெயரில் 43 அங்குலத்தில் ஒரு பேனலும் 55-இல் வேறு பேனலும் வருவது உண்டு. ஆகவே வாங்கப் போகிற அளவையே ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

அப்புறம், கடையில் ஓடும் அந்தப் பளபள வீடியோவை நம்பாதீர்கள். பூவும் மீனும் தேனும் ஒழுகுகிற அந்த 4கே படம் உங்கள் வீட்டுக்கு வரப்போவதில்லை. சாதாரண கேபிள் இணைப்பில் எஸ்டி சேனல், அதாவது எச்டி அல்லாத சாதாரண சேனல், 720-க்கு 576 புள்ளிகள். 4கே திரையில் 3840-க்கு 2160. கணக்குப் போட்டால் சரியாக இருபது மடங்கு. சேனல் அனுப்புகிற ஒரு புள்ளியை டிவி இருபது புள்ளியாக இழுத்து நிரப்ப வேண்டும். இதை நன்றாகச் செய்கிற டிவியும் உண்டு, மெழுகுப் பொம்மை ஆக்குகிற டிவியும் உண்டு. அதனால் கடையில் ஒரு எஸ்டி சேனலைப் போடச் சொல்லுங்கள். கேபிள் இல்லை என்றால் ஒரு பழைய பாட்டு வீடியோவை பென் டிரைவில் எடுத்துப் போங்கள். டிவியை ஸ்டோர் மோடிலிருந்து ஹோம் மோடுக்கு மாற்றச் சொல்லிவிட்டுப் பாருங்கள். முகம் சுளிக்காமல் மாற்றிக் காட்டுகிற கடைக்காரரிடம் தைரியமாக வாங்கலாம்.

கேம் ஆடுகிறவர்கள் ரிஃப்ரெஷ் ரேட்டில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். அட்டைப் பெட்டியில் மோஷன் 240 என்று போட்டிருப்பார்கள். பேனல் நொடிக்கு அறுபது தடவைதான் படம் மாற்றும், மீதி மென்பொருள் கணக்கு. கேட்க வேண்டியது பேனலின் சொந்த ரிஃப்ரெஷ் ரேட் எவ்வளவு என்பது: 60 ஹெர்ட்ஸா, 120 ஹெர்ட்ஸா? சில மலிவு மாடல்கள் 120 காட்டும், ஆனால் அப்போது படத்தின் துல்லியம் மேலிருந்து கீழாகப் பாதியாகிவிடும். 4கே-யில் 120 கிடைக்குமா என்று சேர்த்தே கேளுங்கள்.

அதற்கு எச்டிஎம்ஐ 2.1 வாய் வேண்டும். பழைய 2.0 வாயில் நொடிக்கு 18 ஜிகாபிட் தகவல்தான் போகும், 4கே 60-க்கு அது சரி. 2.1-இல் 48 வரை போகும். நான்கு வாய் இருக்கும் டிவியில் பெரும்பாலும் இரண்டில்தான் 120 வரும், அதிலும் ஒன்று சவுண்ட்பாருக்கான வாயாக இருக்கும். டிவியின் முதுகைத் திருப்பி, வாய்க்குப் பக்கத்தில் 120 என்று எழுதியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். வீட்டுக்கு வந்தபின் மெனுவில் அந்த வாயின் சிக்னல் ஃபார்மேட்டை என்ஹான்ஸ்ட் என்று மாற்றாவிட்டால் பல டிவிகளில் 120 வரவே வராது. பிளேஸ்டேஷன் 5 பெட்டிக்குள் வந்த கேபிளையே போடுங்கள், நூறு ரூபாய் கேபிளைத் தேடாதீர்கள். திரையும் கன்சோலும் ஒரே தாளத்தில் ஓட விஆர்ஆர், கேம் தொடங்கியதும் கேம் மோடு தானே விழ ஏஎல்எல்எம் இரண்டும் இருந்தால் நல்லது.

வீட்டில் இருப்பது பிளேஸ்டேஷன் 4 என்றால் இந்தச் செலவே தேவையில்லை. அது 120 கொடுக்காது. கேம் மோடில் தாமதம் குறைவாக இருக்கும் நல்ல 60 ஹெர்ட்ஸ் டிவியே போதும். மிச்சப் பணத்தில் நல்ல ஸ்டெபிலைசர் வாங்குங்கள். மொபைல் கேமை வைஃபை வழியாகப் பெரிய திரைக்கு அனுப்பி ஆடலாம் என்று நினைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தத் தாமதத்தை எந்த டிவியாலும் போக்க முடியாது.

வெளிச்சத்தையும் இருட்டையும் அதிக வித்தியாசத்தோடு காட்டுகிற எச்டிஆர் என்று எல்லாப் பெட்டியிலும் எழுதியிருக்கிறது. 250, 300 நிட்ஸ் வெளிச்சம் தரும் பேனலில் அது பெயருக்குத்தான். முற்றம் வைத்த பழைய வீட்டில், வாசல் கதவும் கொல்லைக் கதவும் திறந்தே கிடக்கிற கூடத்தில், பகலில் உங்களுக்குத் தேவை வெளிச்சமான, கண்ணாடி மாதிரி மினுங்காத திரை. பின்விளக்கு இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிற ஓஎல்இடி டிவியின் கருப்புக்கு ஈடே கிடையாது. கேமுக்கும் அவ்வளவு வேகமானது வேறில்லை. ஆனால் காலையிலிருந்து ராத்திரி வரை நியூஸ் சேனல் ஓடுகிற வீட்டுக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கீழே ஓடும் சிவப்புப் பட்டையும் மூலையில் இருக்கும் லோகோவும் நாளடைவில் திரையில் தழும்பாகப் பதிந்துவிடும். அதற்கு மருந்து கிடையாது.

அளவு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 55 அங்குலம் என்பது மூலைக்கு மூலை, அகலம் சுமார் நாலடி. ஏழெட்டு அடி தள்ளி உட்கார இடம் இருந்தால் 55, ஐந்தாறு அடிதான் என்றால் 43. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அந்த வித்தியாசத்தை அங்குலத்தில் போடாமல் பேனலில் போடுங்கள் என்பேன்.

ஸ்மார்ட் டிவி வாங்குவதானால் 1 ஜிபி ரேம் வேண்டவே வேண்டாம். ஒரு வருடத்தில் மாட்டுவண்டி வேகம் வந்துவிடும். கூகுள் டிவி என்று முறையாகச் சான்று பெற்றதா, வெறும் ஆண்ட்ராய்டை ஏற்றி விற்கிறார்களா என்று கேளுங்கள். இரண்டாவது ரகத்தில் சில ஓடிடி ஆப்கள் ஓடாது, ஓடினாலும் படம் மங்கலாக வரும்.

இனி கரண்ட். இதை நான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது. என் மேசைக்கு வருகிற டிவிகளில் பாதிக் கதை இதுதான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்து, வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தோம். லைன் திரும்ப வந்த நாட்களில் கோட்டூர், திருத்துறைப்பூண்டிப் பக்கமிருந்து டிவிகளைத் துணியில் சுற்றி பைக்கில் வைத்துக் கொண்டுவந்தார்கள். புயல்தான் வேண்டும் என்றில்லை. தென்னை மட்டை விழுந்து மூன்று பேஸ் லைனில் நியூட்ரல் அறுந்தாலே போதும். 230 வோல்ட் வரவேண்டிய வீட்டுக்கு 400 வரை ஏறும். ஃபேன் பிய்த்துக்கொண்டு சுற்றும், பல்பு வெடிக்கும். டிவியின் பவர் போர்டில் மின்சாரத்தைத் தேக்கும் பெரிய கண்டன்சர் 450 வோல்ட் டிசிதான் தாங்கும். 400 வோல்ட் ஏசி உள்ளே டிசியாக மாறும்போது அதைத் தாண்டிவிடும். அது உப்பிப் பிளந்து, மீன் கவிச்சி மாதிரி ஒரு நாற்றத்தோடு வெளியே வந்திருக்கும். மூடியைக் கழற்றும் முன்பே வாசனையில் தெரிந்துவிடும். ஸ்பைக் பஸ்டர் இதைத் தடுக்காது. அது இடியின் கணநேர அதிர்ச்சிக்குத்தான். வோல்டேஜ் ஏறினால் தானே துண்டித்துவிடும் ஹை கட் உள்ள ஸ்டெபிலைசர் வேண்டும். ஃபேன் திடீரென்று வேகமெடுத்தால் ரிமோட்டைத் தேடாதீர்கள், மெயினை அணையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கினால் கரண்ட் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, கேபிள் ஒயரையும் இன்டர்நெட் ஒயரையும் பிடுங்க வேண்டும். இடி அந்த வழியாகவும் வரும். எச்டிஎம்ஐ கேபிளைச் செருகும்போது இரண்டு பக்கமும் சுவிட்சை அணைத்துவிட்டுச் செருகுங்கள். எர்த் சரியில்லாத வீட்டில் கேபிள் ஒயரைத் தொட்டால் விரலில் சுருக்கென்று அடிக்குமே, அந்தக் கசிவு எச்டிஎம்ஐ வாய் வழியாகப் போய் மெயின் போர்டைச் சுட்டுவிடும். புது பிளேஸ்டேஷனோடு சேர்ந்து செத்த வாய்களையும் பார்த்திருக்கிறேன், வயிறு எரியும். மழைக்காலத்தில் ஓதம் ஏறுகிற சுவரில் டிவியை மாட்டாதீர்கள். முத்துப்பேட்டைப் பக்கம் உப்புக்காற்று வேறு. போர்டில் பச்சை பிடித்துவிடும்.

இன்னொன்று, விவிட் மோடில் வெளிச்சத்தை நூறில் வைத்து ஓட்டினால் பின்னால் இருக்கும் எல்இடி பட்டைகளுக்கு ஆயுசு குறையும். சத்தம் கேட்கிறது, படம் வரவில்லை என்றால் இருட்டில் மொபைல் டார்ச்சை திரைமேல் சாய்த்து அடித்துப் பாருங்கள். உள்ளே மங்கலாகப் படம் ஓடினால் பேனல் நன்றாக இருக்கிறது, பட்டைதான் போயிருக்கிறது. பட்டை மாற்றலாம், அதிகச் செலவில்லை. பேனலே போச்சு என்று யாராவது சொல்லி டிவியைத் தூக்கிப்போடச் சொன்னால் இந்தச் சோதனையைச் செய்துவிட்டு முடிவெடுங்கள். பேனல் உடைந்தால் கதை வேறு. வாரண்டி கிடையாது, விலையும் புது டிவியை நெருங்கும். அதனால் பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். சர்வீஸுக்கு ஆள் தஞ்சாவூரிலிருந்து வருவாரா, திருச்சியிலிருந்தா, எத்தனை நாளில் என்றும் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

வடுவூர் வீட்டு அம்மாவை விட்டுவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை. அடுத்த வாரம் இழுத்துத் திருப்பக்கூடிய கை வைத்த ஸ்டாண்ட் ஒன்றை வாங்கிக்கொண்டு போய் மாட்டிக் கொடுத்தேன். இப்போது சாயங்காலம் சீரியல் நேரத்தில் மகன் எழுந்து டிவியை அடுப்படி வாசல் பக்கம் திருப்பி வைக்கிறானாம். ராத்திரி அம்மா படுக்கப் போன பிறகுதான் அது அவன் பக்கம் திரும்புகிறது.