41 பைட்டில் ஒரு பிராஞ்ச்

கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் மென்பொருள் கிட். அதை வைத்து வேலை நடக்கிற எந்த ப்ராஜெக்ட் ஃபோல்டரிலும், புள்ளியில் தொடங்கும் 'கிட்' என்ற மறைந்த ஃபோல்டர் ஒன்று இருக்கும். அதில் ரெஃப்ஸ், அதற்குள் ஹெட்ஸ் என்று இறங்கிப் போங்கள். உங்கள் பிராஞ்சுகளின் (மற்றவர் வேலையைத் தொடாமல் தனியாக வேலை செய்யப் பிரித்துக்கொள்ளும் வழிகளின்) பெயர்களிலேயே குட்டிக் குட்டி ஃபைல்கள் தெரியும். ஒன்றைத் திறந்தால் ஒரே வரி: எண்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்து 40. வரி முடிந்ததைக் குறிக்க இன்னொன்று. மொத்தம் 41 பைட். (பழைய பிராஞ்சுகளை கிட் சில சமயம் ஒரே ஃபைலில் மூட்டை கட்டிவிடும்; ஃபோல்டர் காலியாக இருந்தால் பதற வேண்டாம்.) வாரக்கணக்கில் எழுதிய கோட் எல்லாம் இதற்குள்ளா இருக்கிறது? இல்லை. அது ஒரு கமிட்டின் அடையாள எண், அவ்வளவுதான்.

கமிட் ஒவ்வொன்றும் அந்த நேரத்தில் எல்லா ஃபைல்களும் எப்படி இருந்தன என்பதைப் பிடித்து வைத்திருக்கும். யார் செய்தது, எப்போது, எதற்காக என்ற குறிப்பும் உண்டு. கூடவே, தனக்கு முந்தைய கமிட்டின் எண். நம் பெயர்களில் வரும் இனிஷியல் மாதிரி. பிள்ளையின் பெயரில் அப்பாவின் முதலெழுத்து இருக்கும். அப்பாவின் பெயரில் பிள்ளைகளைப் பற்றி ஒரு தடயமும் இருக்காது. கமிட்டுக்கும் பெற்றோரைத் தெரியும், பிள்ளைகளைத் தெரியாது. ஆகவே வம்சத்தில் கடைசியாகப் பிறந்தவரின் விலாசம் கையில் இருந்தால் போதும், ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டே முதல் ஆள் வரை போய்விடலாம். அந்த விலாசத்தைக் குறித்து வைத்த துண்டுச் சீட்டுதான் பிராஞ்ச். 'கிளை' என்றதும் அடிமரத்திலிருந்து முளைத்து நீள்வதாக மனதில் ஒரு படம் வருகிறது பாருங்கள், பலரைக் குழப்புவது அதுதான்.

சரி, 'கிட் பிராஞ்ச்' என்று அடித்து ஒரு பெயரைக் கொடுத்தால் என்ன நடக்கிறது? புதுச் சீட்டு ஒன்று எழுதப்படுகிறது. ப்ராஜெக்டில் பத்து ஃபைல் இருந்தாலும் லட்சம் இருந்தாலும் அதே 41 பைட். 'கிட் ஸ்விட்ச்' கட்டளை, இப்போது எந்தச் சீட்டு உங்கள் கையில் என்பதை ஹெட் என்ற ஃபைலில் எழுதிவிட்டு, ஃபைல்களையும் அதற்கேற்ப மாற்றி வைக்கிறது. (இது 2019இல் வந்தது. அதற்கு முன் பழகியவர்களின் கை இன்னும் 'செக்கவுட்' என்றுதான் அடிக்கும், என் கையும்.) கமிட் செய்தால் கையில் உள்ள சீட்டில் மட்டும் எண் மாறும்.

கிட்டுக்கு முன்பே இதே வேலைக்கு இருந்த சப்வெர்ஷன் என்ற மென்பொருளிலும் பிராஞ்ச் போடுவது எளிதுதான். பிரிந்த பிராஞ்சுகளை மறுபடி சேர்ப்பதில்தான் வம்பு. 2008இல் 1.5 பதிப்பு வரும்வரை, எதுவரை சேர்த்தாயிற்று என்பதை நாமே எங்காவது குறித்து வைக்க வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கு உலகெங்கிலுமிருந்து வரும் மாற்றங்களைச் சேர்ப்பதே வேலையாக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸுக்கு அது கட்டுப்படியாகுமா? 2005 ஏப்ரல் 3ஆம் தேதி கிட்டை எழுதத் தொடங்கினார். ஏப்ரல் 18க்குள் அதில் பிராஞ்சுகளைச் சேர்த்தும் காட்டிவிட்டார்.

எதுவரை சேர்த்தாயிற்று என்ற கணக்கை கிட்டில் வம்சாவளியே வைத்திருக்கிறது. உங்கள் பிராஞ்சில் டைம்-அவுட் 60 விநாடி, மெயின் பிராஞ்சில் 30 என்று வையுங்கள். இரண்டை மட்டும் பார்த்தால் மாற்றியது யார் என்று சொல்ல முடியாது. 'கிட் மெர்ஜ்' இரண்டு வழியிலும் பின்னோக்கிப் போய், இருவருக்கும் பொதுவான மூதாதைக் கமிட்டைக் கண்டுபிடிக்கிறது. அங்கே 30 இருந்தால், மாற்றியது நீங்கள்தான், 60ஐ எடுத்துக்கொள்ளும். மெயினில் வேறொருவர் அதையே 45 ஆக்கியிருந்தால்? அங்கே கிட் கையை விரித்துவிடும். அதுதான் கான்ஃப்ளிக்ட். நீங்கள் பிரிந்தபின் மெயின் நகரவே இல்லையென்றால் இத்தனை பாடும் கிடையாது, மெயின் சீட்டில் எண்ணை மாற்றினால் முடிந்தது.

இரண்டும் நகர்ந்திருந்தால் பிறக்கும் மெர்ஜ் கமிட்டுக்குப் பெற்றோர் இருவர், அம்மா அப்பா இருவரின் இனிஷியலையும் போட்டுக்கொள்பவர்களைப் போல. இரண்டோடு நிறுத்த வேண்டும் என்றும் இல்லை. 2014இல் கெர்னலுக்குள் 66 பெற்றோர் கொண்ட கமிட் ஒன்று வந்து சேர்ந்தது!

வேலை முடிந்த பிராஞ்சை, 'கிட் பிராஞ்ச்' கட்டளையோடு சிறிய 'டி' போட்டு நீக்கலாம். சேர்க்காத கமிட் இருந்தால் கிட் மறுத்துவிடும். பெரிய 'டி' போட்டால் கேள்வியே கேட்காது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவசரத்தில் பெரிய 'டி' போட்டு நான்கு நாள் வேலையை நீக்கிவிட்டு வியர்த்து உட்கார்ந்திருந்தேன். ஆனால் போனது சீட்டு மட்டுமே. ஹெட் எங்கெல்லாம் போய் வந்தது என்று கிட் ஒரு நாட்குறிப்பு வைத்திருக்கிறது. 'கிட் ரெஃப்லாக்' அதைக் காட்டும். எந்த பிராஞ்சிலிருந்தும் எட்ட முடியாத கமிட்டுகளுக்கு அதில் வழக்கமாக 30 நாள் ஆயுள். அதிலிருந்து எண்ணை எடுத்து அதே பெயரில் மறுபடி சீட்டு எழுதினேன், எல்லாம் வந்துவிட்டது. கமிட்டே செய்யாமல் வைத்திருந்தால் இந்த வைத்தியம் பலிக்காது.

அப்புறம்தான் கவனித்தேன். நீக்கும்போதே கிட் அந்த எண்ணின் முதல் சில எழுத்துகளைத் திரையில் காட்டியிருந்தது. ரெஃப்லாக்கைத் தேடி அலைந்த அரை மணி நேரமும் அது நாலு வரி மேலேயே இருந்தது.