வைஃபை குறிக்கு எந்த மூலை சரி?

அல்சூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஆபீஸ் லேப்டாப் விண்டோஸ். வைஃபை குறி கீழே வலது மூலையில் இருக்கிறது. வீட்டில் மேக், அதில் மேலே வலது பக்கம். எது சரியான இடம்? எதில் வேலை செய்தாலும் மீட்டிங் நடுவில் நெட் போவதைக் கடைசியாகக் கவனிப்பது நான்தான்."

வொயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி என்று பாதி ஊரே வீடியோ காலில் இருக்கும் பெங்களூரில் இது சின்னக் கேள்வி இல்லை. விஷயம் முழுவதும் அவருடைய கடைசி வரியில் இருக்கிறது.

குறி காட்டுவது, ரூட்டரிலிருந்து லேப்டாப்புக்கு வந்து சேரும் ரேடியோ அலையின் திறன். அலகு டிபிஎம். 0 டிபிஎம் என்றால் ஒரு மில்லிவாட். 10 குறையக் குறையத் திறன் பத்தில் ஒன்றாகும். அதாவது -60 என்றால் ஒரு மில்லிவாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. விண்டோஸ் -50ஐ நூறு சதவீதமாகவும் -100ஐப் பூஜ்யமாகவும் எடுத்துக்கொள்கிறது. எந்த அளவுக்கு எத்தனை கோடு என்பதற்குப் பொது விதி கிடையாது. 2010-ல் ஐஃபோன் 4 வந்தபோது, செல்போன் சிக்னல் கோடுகளைக் கணக்கிடும் சூத்திரமே தவறு என்றும், பல நேரங்களில் இரண்டு கோடு கூடுதலாகக் காட்டியதென்றும் ஆப்பிளே அறிக்கை விட்டது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். கதிர்வீச்சைத் தடுக்கும் என்று சொல்லி மொபைலுக்கு ஸ்டிக்கர் விற்கிறார்கள். படித்தவர்களும் வாங்கி ஒட்டுகிறார்கள். அது நிஜமாகவே அலையைத் தடுத்தால், ஒட்டிய உடனே சிக்னல் சரிய வேண்டும். ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் சிக்னல் கோட்டைப் பாருங்கள். சோதிக்கும் கருவி உங்கள் கையிலேயே இருக்கிறது.

சரி, கண்ணுக்கு வருவோம். இந்தப் பகுதியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். கண் மிகக் கூர்மையாகப் பார்க்கும் பரப்பு ஏறக்குறைய அவ்வளவுதான், சுமார் இரண்டு டிகிரி. விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் பன்னிரண்டு கோடிக்கும் மேல். மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பிழைகளோ பத்து லட்சம் அளவுதான். இந்த இழைகளைக் கண் சமமாகப் பங்கிடுவதில்லை. நடுப்பகுதியில், நிறத்தையும் நுணுக்கத்தையும் உணரும் கூம்பு செல் ஒவ்வொன்றுக்கும் தனி வழி உண்டு. ஓரத்துக்குப் போகப் போக நிறைய செல்கள் சேர்ந்து ஒரே இழையில் பேசுகின்றன. அதனால் நுணுக்கம் தொலைந்துபோகிறது.

14 அங்குல லேப்டாப்பை அரை மீட்டர் தள்ளி வைத்து நடுவில் பார்த்தால், மூலை ஏறத்தாழ 20 டிகிரி விலகி இருக்கும். அங்கே கூர்மை நடுப்பகுதியில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான். நான்கு மில்லிமீட்டர் அகலமுள்ள குறியில் மூன்று வளைவா, இரண்டா என்று அந்த இடத்தில் கண்ணால் பிரித்தறியவே முடியாது. கவனக்குறைவுக்கு இதில் பங்கே இல்லை.

ஆனால் அதே ஓரப் பகுதியில் வேறொரு திறமை இருக்கிறது. விழித்திரையில் பாராசோல் என்ற பெரிய நரம்பு செல்கள் உண்டு. ஒளி மாறும் கணத்தில் அவை படபடவென்று துடிக்கும், மாற்றம் நின்றதும் அடங்கிவிடும். சுவரில் பல்லி நகர்ந்தால் கடைக்கண்ணில் சட்டென்று படுகிறது, அசையாமல் இருக்கும் வரை அது இருப்பதே தெரிவதில்லை. 1804-ல் டிராக்ஸ்லர் என்ற சுவிஸ் மருத்துவர் இன்னும் ஒன்றைக் கவனித்தார்: பார்வையை ஒரே புள்ளியில் நிறுத்தினால், ஓரத்தில் அசையாமல் இருப்பவை மெல்ல மறைந்தே போகும்.

ஆக, மூலையில் ஒரு வளைவு சத்தமில்லாமல் சாம்பல் நிறமாவது அந்த வாசகியின் கண்ணை எட்டாது. அதற்காகச் சிக்னல் மாறும்போதெல்லாம் குறியை ஆட்டவும் கூடாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். சுவரில் மோதித் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று கூட்டியும் அழித்தும் விடுவதால், லேப்டாப்பைச் சில சென்டிமீட்டர் நகர்த்தினாலோ யாராவது குறுக்கே நடந்தாலோ டிபிஎம் எண் தாவும். ஒவ்வொரு தாவலும் கண்ணை இழுத்தால் வேலை ஓடாது. அசையாத குறி மூலையில் இருக்கட்டும். இணைப்பு நிஜமாக அறுந்தால் மட்டும், திரையில் கண் இருக்கும் ஜன்னலுக்குள்ளேயே செய்தி வர வேண்டும் என்பது என் கருத்து.

மேலா, கீழா? நேர் மேலும் நேர் கீழும் ஒப்பிட்டால் கண் கீழ்ப்பாதியைக் கொஞ்சம் நன்றாகப் பார்க்கிறது. ஆனால் மூலைக்குப் போனால் அந்த வித்தியாசம் கரைந்துவிடுகிறது. மவுஸுக்குத் திரை விளிம்பு வசதி: அம்பு விளிம்பைத் தாண்டாது என்பதால் இலக்கு பார்க்காமலே வேகமாகத் தள்ளலாம். இலக்கின் அளவுக்கும் கை போய்ச் சேரும் நேரத்துக்கும் உள்ள தொடர்பை அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-லேயே சூத்திரமாக்கிவிட்டார். இந்த வசதி இரண்டு விளிம்புக்கும் உண்டு. எனவே இரண்டும் சரி. பழகிய இடத்தை மாற்றாமல் இருப்பதுதான் முக்கியம்.

இந்தக் கண் ஆய்வு நம் ஊருக்குப் புதிதில்லை. சர் சி.வி. ராமன் தன் கடைசிக் காலத்தில் சதாசிவநகர் ஆய்வகத்தில் மனிதக் கண் நிறங்களை உணரும் விதத்தைத்தான் ஆராய்ந்தார். உலகத்துக்கே மென்பொருள் செய்யும் நகரம், பார்வை ஆய்வுக்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும். இங்குள்ள நிறுவனங்களும் அதில் பங்குபோட வேண்டும்.

வாசகிக்கு ஒரு வழி. மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை குறியைச் சொடுக்கினால் டிபிஎம் எண்ணே தெரியும். வீடியோ காலுக்கு -67 அல்லது அதைவிட நல்ல அளவு வேண்டும் என்று நெட்வொர்க் பொறியாளர்கள் திட்டமிடுவார்கள். -55 போல எண் நன்றாக இருந்தும் கால் அறுந்தால், ரூட்டருக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். குறியில் உள்ள கோடுகள் ரூட்டர் வரைக்கும்தான் பேசும்.